கோயமுத்தூர் உக்கடத்துல பழைய வண்டியில கழட்டின பார்ட்ஸ் வாங்கலாமுங்களா? ஏர்பேக் வரைக்கும் தேவைப்படுது

அவிநாசிக்காரன்
எல்லாருக்கும் வணக்கமுங்க. வண்டி 2013 வெள்ளை ஸ்விஃப்ட் டீசல், இசட்.டி.ஐ.ங்கற டாப் மாடல். தெக்கலூர் பக்கம் பொழுதோட வந்துட்டு இருந்தப்ப முன்னாடி போன டெம்போ நாய்க்குப் பயந்து நடுரோட்டுல நிறுத்திட்டான். வலது மூக்கு போய் சொருகிடுச்சு. ஆளுக்கு ஒரு கீறல் இல்லைங்க, அது போதும்.

போனது: வலது ஹெட்லைட், ஃபெண்டர், ரேடியேட்டர், வலது முன் கதவு (கீல் பக்கம் நெளிஞ்சு பூட்டே விழ மாட்டேங்குது), ஆல்டர்னேட்டர் பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்தலை, ரெண்டு ஏர்பேக்கும் வெடிச்சாச்சு. இன்சூரன்ஸ் தேர்டு பார்ட்டி மட்டும்தான். கம்பெனி எஸ்டிமேட்டைப் பாத்தா இன்னைக்கு வண்டி விலைபோறதுல பாதிக்கு மேல நிக்குது.

எங்க ஊர் மெக்கானிக், "உக்கடம் போயி ஒரு ரவுண்டு வந்தா எல்லாமே கழட்டினது கெடைக்கும், ஏர்பேக்கும் சேத்து முடிச்சுறலாம்"ங்கறார். எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நொய்யல்
தாராளமா போங்க. என்ர பழைய சான்ட்ரோவே பாதி உக்கடம்தான். கதவு, லைட்டு எல்லாம் கண்ணை மூடிட்டு வாங்கலாம்.

பட்டறை மாமா
கண்ணை மூடிட்டு வாங்கறதுக்கு அது என்ன அன்னதானமா தம்பி.

அவிநாசித் தம்பி, பொள்ளாச்சியில பட்டறை வெச்சிருக்கறவன் சொல்றேன், கேட்டுக்குங்க. கழட்டின சாமானம் வாங்கறது தப்பே இல்லை. பத்து வருசம் தாண்டின வண்டிக்கு அதுதான் கட்டுப்படியாகும். ஆனா கடைக்காரர்கிட்ட மொதல்ல கேக்க வேண்டியது வெலை இல்லைங்க. "இது எந்த வண்டியில இருந்து கழட்டினது? வண்டி எதுக்கு ஒடைக்க வந்துச்சு?" இதைத்தான் கேக்கணும். பின்னாடி அடி வாங்கி டோட்டல் லாஸ் (சரி பண்ணக் கட்டுப்படியாகாதுன்னு இன்சூரன்ஸ்ல கைவிட்டது) ஆன வண்டியோட முன் கதவும் ஆல்டர்னேட்டரும் தங்கம். அதே கதவு தண்ணியில நின்ன வண்டியோடதுன்னா ஆறு மாசத்துல அடி ஓரம் துருப்பிடிச்சு உதிரும்.

நல்ல கடைக்காரர் கேட்டவுடனே சொல்லுவார். சில பேரு ஒடைச்ச பாடியே இன்னும் பின்னாடி கெடக்குதுன்னு கூட்டிட்டுப் போயி காட்டுவாங்க. "அதெல்லாம் எதுக்குண்ணா, மால் நல்ல மால்"னு மழுப்பினா அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்க.

உங்க லிஸ்டுல ஹெட்லைட், ஃபெண்டர், கதவு, ஆல்டர்னேட்டர் வாங்கலாம். ரேடியேட்டர் வேண்டாம், வெளி கம்பெனி புதுசே பெரிய வெலை இல்லை. பழசுல உள்ளார உப்பு கட்டியிருந்தா வெளிய தெரியாது. ஏர்பேக் பேச்சையே விடுங்க.

நொய்யல்
ஏர்பேக் ஏன் விடணும் மாமா? வெடிக்காத ஏர்பேக் தானே கழட்டி விக்கறாங்க. என்ர சிநேகிதன் வெர்னாவுக்கு வாங்கிப் போட்டான், டேஷ்போர்டுல லைட்டு அணைஞ்சிருச்சு, ஜம்முனு ஓடுது.

பட்டறை மாமா
லைட்டு அணைஞ்சா பேக் வேலை செய்யும்னு யாரு சொன்னா?

ஏர்பேக்கைக் கண்காணிக்கற கம்ப்யூட்டர் பாக்கறது சர்க்யூட்டுல ரெசிஸ்டன்ஸ் (கரண்டுத் தடை) சரியா இருக்கான்னுதான். பேக்குக்குப் பதிலா அதே அளவுல ஒரு ரெசிஸ்டரைச் சொருகிட்டா லைட்டு அணைஞ்சிரும். மேல மூடி மட்டும் புதுசா ஒட்டி, உள்ளார துணி கூட இல்லாம வந்த வண்டிகளை நானே பட்டறையில பிரிச்சுப் பாத்திருக்கேன். ஸ்டியரிங் நடுவுல மூடியைக் கழட்டினா வெறும் ஓட்டை. அந்த வண்டியை ஓட்டிட்டு வந்தவங்க கைக்கொழந்தைக்காரங்க.

சரி, நெசமாவே வெடிக்காத பேக்குன்னே வெச்சுக்குவோம். உள்ள இருக்கறது மருந்து. தீவாளிக்கு வாங்கி பரண்ல போட்ட பட்டாசு மாதிரிதான்: ஒண்ணு வெடிக்கும், ஒண்ணு பொகையும், ஒண்ணு கையிலயே வெடிக்கும். எத்தனை வருசம் எந்த வெயில்ல கெடந்துச்சு, நனைஞ்சுதா, கீழ போட்டாங்களா, ஒண்ணும் தெரியாது. தகாட்டாங்கற ஜப்பான் கம்பெனியோட ஏர்பேக் விவகாரம் கேள்விப்பட்டிருப்பீங்க. சூட்டுலயும் ஈரத்துலயும் மருந்து கெட்டுப்போயி, வெடிக்கறப்ப இரும்புச் சில்லு தெறிச்சு ஆளே போயிருக்காங்க. ஒலகம் பூரா கோடிக்கணக்குல வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டாங்க. ஹோண்டா நம்ம நாட்டுலயும் பழைய சிட்டி, ஜாஸ், சிவிக்கை எல்லாம் கூப்பிட்டு மாத்திக் கொடுத்துச்சு. அப்படிக் கூப்பிட்டும் போகாத வண்டியே ஒடைக்க வந்திருந்தா? அந்தப் பேக்கைத்தான் காசு கொடுத்து வாங்கி நெஞ்சுக்கு நேரா வெச்சுக்கறீங்க.

இன்னொண்ணு. பேக் வெடிச்ச வண்டியில பேக் மட்டும் மாத்தினா ஆகாது. முன் சீட் பெல்ட்டுல, மோதறப்ப பெல்ட்டை இழுத்து இறுக்கற மருந்து இருக்கற மாடல்னா அதுவும் வெடிச்சிருக்கும், பெல்ட் செட்டோட மாத்தணும். நடுவுல கியர் லீவருக்குக் கிட்ட இருக்கற ஏர்பேக் பெட்டியிலயும் அடிவாங்கின பதிவு உக்காந்திருக்கும். அதுக்கும் புதுசு.

கருப்பட்டி காபி
மாமா சொன்ன ரெசிஸ்டர் ஏமாத்தைக் கண்டுபிடிக்கறது எப்படிங்க? நான் போன மாசம் உடுமலையில ஒரு செகண்ட்ஸ் வண்டி பாத்துட்டு வந்தேன், அட்வான்ஸ் கொடுக்கலாமான்னு ரோசனையில இருக்கேன்.

பட்டறை மாமா
அம்மிணி, முழுசா கண்டுபிடிக்க ஸ்கேனரும் கைப்பழக்கமும் வேணும். நீங்களே பாக்கறதுன்னா, சாவியை ஆன் பண்ணினதும் ஏர்பேக் லைட்டு கொஞ்ச நொடி எரிஞ்சு அணையணும். எரியவே இல்லைன்னா பல்பைப் புடுங்கிட்டாங்க. அப்புறம் ஸ்டியரிங் நடு மூடியோட நெறமும் சொரசொரப்பும் சுத்தி இருக்கற பிளாஸ்டிக்கோட ஒத்துப்போகுதா, டேஷ்போர்டுல பேசஞ்சர் பக்கம் வெட்டி ஒட்டின கோடு தெரியுதான்னு வெரலைத் தடவிப் பாருங்க. பெல்ட்டை மெதுவா கடைசி வரைக்கும் இழுங்க. பாதியில இறுகி நின்னா கையெழுத்துப் போடாம வந்துருங்க.

வாளையார் பார்டர்
பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுக்கறதுல இன்னொரு லாபம் இருக்குது. வெள்ளத்துல நின்ன வண்டின்னா, மேல எத்தனை தடவை வாட்டர் வாஷ் பண்ணினாலும், உருளையில சுத்தியிருக்கற அந்தக் கடைசி ஒரு முழத்துல சேத்துக் கோடு அப்படியே நிக்கும்.

நம்ம பக்கம் வெள்ளம் வராது, எதுக்குக் கவலைன்னு நெனைக்கறாங்க. வண்டி வரும்ங்க. 2015 டிசம்பர்ல சென்னை, 2018 ஆகஸ்டுல கேரளா, 2023 டிசம்பர்ல மறுபடி சென்னை. முழுகின வண்டியை இன்சூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ் போட்டு ஏலத்துல விடும். ஏலம் எடுத்தவன் எங்க ஒடைச்சா நல்ல வெலை போகுமோ அங்க கொண்டுபோவான். பாலக்காட்டுல இருந்து கோயமுத்தூருக்கு ஒரு மணி நேரம்.

கரண்டு சம்பந்தப்பட்ட எதையும் வாங்கறதுக்கு முன்னாடி கனெக்டரைப் பிடுங்கி உள்ளார பாருங்க. பித்தளைப் பின்னுல பச்சை பூத்திருந்தா தண்ணி குடிச்சது. ஹெட்லைட்டுல பல்பு மூடியைக் கழட்டி மோந்து பாருங்க, சேத்து வாடை போகவே போகாது. ரிஃப்ளெக்டர்ல மங்கலா ஒரு நீர்மட்டக் கோடு ஓடும். கதவுன்னா உள்பக்க அட்டையைக் கழட்டச் சொல்லி அடியில இருக்கற வடிகால் ஓட்டையில குச்சியை விட்டு நோண்டுங்க. சாதாரணத் தூசி பொடியா வரும், வெள்ள மண்ணு பாளம் பாளமா பேந்து வரும்.

மஞ்சக்காட்டான்
ஈரோட்டுல இருந்து. கதவுக்கு நான் எப்பவும் ஃபிரிட்ஜ் மேல ஒட்டற காந்தம் ஒண்ணை ஒரு மெல்லிசு துணியில சுத்திக் கொண்டுபோவேன். தகரத்துல சும்மா கவ்வும். பட்டி (நெளிவை மறைக்கற பசை) பூசின எடத்துல வழுக்கிட்டு விழும். டிங்கரிங் பாத்த கதவை "ஒரிஜினல் பெயின்ட்"னு விக்கறதுக்கு ஒரு கூட்டமே இருக்குது.

நெறம் ஒண்ணா இருக்கற கதவு கெடைச்சா லாட்டரி. வெள்ளையிலயே ரெண்டு மூணு வெள்ளை இருக்குது, கவனம். பெயின்ட்டோட கோடு நம்பர் வண்டியில ஒட்டின தகட்டுலயே இருக்கும், போட்டோ எடுத்துட்டுப் போங்க. 2014 கடைசியில ஸ்விஃப்ட்டுக்கு மூஞ்சி மாத்தினாங்க, பம்பரும் கிரில்லும் வேற. உங்களது 2013, அதனால பம்பர் கழட்டினது எடுக்கறதா இருந்தா மாடல் கேட்டு வாங்குங்க. அப்புறம் கண்ணாடி ஏத்தற மெஷின், பூட்டு, சைடு கண்ணாடி எல்லாம் சேத்துத்தான் வெலையான்னு மொதல்லயே பேசிக்குங்க. வெலை பேசி முடிச்சப்புறம் "கதவு மட்டும்தானுங்க, கண்ணாடி தனி"ன்னு கோயமுத்தூர் குசும்பைக் காட்டுவாங்க.

நொய்யல்
கோயமுத்தூரைச் சொன்னா எனக்குக் கோவம் வரும். ஈரோட்டுல மட்டும் சும்மா கொடுக்கறாங்களாக்கும்.

லாரிப்பேட்டை
நாமக்கல்காரன். லாரி லைன்ல டிஃபரன்ஷியல், ஸ்டியரிங் பாக்ஸ் எல்லாமே கழட்டினதுதான் ஓடுது, சாமான் ஒண்ணும் ஆகறதில்லை. கார்க்காரங்க ரொம்பப் பயப்படறீங்க.

பட்டறை மாமா
லாரிக்காரங்க வாங்கினதும் பிரிச்சு, பேரிங் மாத்தி, சீல் மாத்தி, அப்புறம்தான் ஏத்தறீங்க. கார்க்காரங்க வாங்கின கையோட அப்படியே மாட்டறாங்க. வித்தியாசம் அங்கதான்.

ரப்பர், உராயற சாமான் ரெண்டும் பழசு வேண்டாம்: பிரேக் பேடு, ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், கிளட்ச் தட்டு, டைமிங் சாமான், வாட்டர் பம்ப். காருக்கு ஸ்டியரிங் ராடு, பால் ஜாயின்ட்டும் அப்படித்தான். கேஸ் வண்டிக்காரங்க சிலிண்டரைக் கனவுலயும் கழட்டினது வாங்காதீங்க. சி.என்.ஜி. சிலிண்டருக்கு மூணு வருசத்துக்கு ஒருக்கா அழுத்தச் சோதனை பண்ணி முத்திரை வாங்கணும்னு சட்டமே இருக்குது.

டயர் கேக்கறவங்களுக்கு: பட்டன் (ரோட்டுல படற ரப்பர் கட்டை) ஒசரமா இருக்குன்னு ஏமாறாதீங்க. பக்கவாட்டுல நாலு எண் இருக்கும். 2318ன்னா 2018ம் வருசம் 23வது வாரம் செஞ்சது. ஓடாமலே வெயில்ல காஞ்ச டயர் வெரல்ல அமுக்கினா மயிர்க்கோடா வெடிக்கும். அலாய் வீலுன்னா உள்பக்க விளிம்பை விளக்கு வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க, வெல்டிங் வெச்ச தழும்பு அங்கதான் ஒளிஞ்சிருக்கும்.

சட்டம் பேசறவன்
கோபியில வக்கீல் தொழில் செய்கிறேன். இங்கே யாரும் தொடாத ஒரு விஷயம்.

திருட்டு வண்டியை உடைத்து விற்ற பாகம் உங்கள் கைக்கு வந்தால், "எனக்குத் தெரியாது" என்று சொல்வதற்கு ஏதாவது ஆதாரம் வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதா 317வது பிரிவு (பழைய இ.பி.கோ. 411) திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ கெட்ட எண்ணத்தோடு வாங்குவதைக் குற்றமாக்குகிறது, மூன்று வருடம் வரை சிறை. மிகக் குறைந்த விலைக்கு, பில் இல்லாமல், ராத்திரியில் வாங்கினீர்கள் என்றால் அந்த "நம்பக் காரணம்" என்பதை எதிர்த்தரப்பு சுலபமாக எழுப்பும். ஆகவே பில் கேளுங்கள். ஹெட்லைட்டுக்குக்கூட. கடைப் பெயர், தேதி, எந்த வண்டி எண்ணிலிருந்து கழற்றியது என்று எழுதி வாங்குங்கள். அந்த எண்ணை அரசின் எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பார்க்க அரை நிமிடம் ஆகாது.

இன்ஜின் வாங்குபவர்கள் இரண்டு மடங்கு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இன்ஜின் நம்பரைத் தேய்த்து அழித்துவிட்டு மறுபடி குத்தியிருந்தால் எழுத்துகள் ஒரே ஆழத்தில் இருக்காது, அந்தப் பரப்பு மட்டும் பளபளப்பாகத் தெரியும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் திருட்டுப் பதிவு இருக்கிறதா என்று இலவசமாகத் தெரிந்துகொள்ளலாம். மாட்டிய பிறகு 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் எண்ணை மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் ஓட்டி, பிறகு விபத்தானால் இன்சூரன்ஸ்காரர்களுக்கு நீங்களே ஒரு சாக்கு எடுத்துக் கொடுத்த மாதிரி.

கருப்பட்டி காபி
எங்க மாமனாருக்கு இதோட மறுபக்கம் நடந்துச்சு சார். பழைய ஆம்னியை ஒரு காயலாங்கடைக்கு எடைக்குப் போட்டுட்டு ஆர்.சி.யையும் அவங்ககிட்டயே கொடுத்துட்டார். ரெண்டு வருசம் கழிச்சு அதே நம்பர்ல எங்கயோ ஃபைன் விழுந்து மெசேஜ் வருது. அட கெரகத்தே, வண்டி ஒடைஞ்சுதா இல்லை ஓடிட்டு இருக்குதான்னே தெரியலை.

சட்டம் பேசறவன்
வண்டி இனி ஓடாது என்று ஆகிவிட்டால் உரிமையாளர்தான் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ரத்து செய்ய வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 55வது பிரிவு. இப்போது அதற்குச் சுலபமான வழி பதிவு பெற்ற உடைப்பு மையம். 2021 செப்டம்பரில் வந்த விதிகளின்படி அவர்கள் வண்டியை ஏற்றதற்கு ஒரு சான்றிதழும், உடைத்து முடித்ததற்கு ஒரு சான்றிதழும் கொடுக்க வேண்டும். காயலாங்கடையில் எடைக்குப் போட்டால் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கலாம், பேப்பர் கிடைக்காது. மாமனாரை இன்றைக்கே ஆர்.டி.ஓ.வில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், காவல் நிலையத்திலும் ஒரு மனு கொடுத்து ரசீது வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

அவிநாசிக்காரன்
இவ்வளவு வெவரம் வரும்னு நெனைக்கவே இல்லைங்க. ஏர்பேக் கழட்டினது வேண்டாம்னு வீட்டுலயும் சொல்லியாச்சு. மெக்கானிக்கிட்ட சொன்னா, "அப்ப லைட்டை மட்டும் கட் பண்ணி விட்டறட்டுமா"ங்கறார்! வேண்டாம்னுட்டேன்.

ஆல்டர்னேட்டரை எப்படிச் சோதிக்கறதுன்னு மட்டும் சொல்லுங்க. அப்புறம் மெக்கானிக் சொன்ன உக்கடம் கடையில டர்போ (இன்ஜினுக்குக் காத்தை அமுக்கி அனுப்பற சாமான்) ஒண்ணு கெடக்குதாம். எர்டிகாவோடதாம், "உங்க வண்டிக்கும் ஒரே இன்ஜின்தான், போட்டா இழுவை எச்சா வரும்"னு ஆசை காட்டறாங்க.

டீசல் பைத்தியம்
டர்போவுக்கு நான் வர்றேன். இன்ஜின் ஒரே குடும்பம்ங்கறது நெசம். அந்த 1.3 ஃபியட் மல்டிஜெட்டைத்தான் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், விஸ்டா, புன்டோன்னு ஊர் பூரா போட்டாங்க. ஆனா உங்க ஸ்விஃப்ட் 75 குதிரைத்திறன், சாதா டர்போ. எர்டிகா, சியாஸ்ல வந்தது 90, அதுல டர்போக்குள்ள இறக்கை திரும்பும், அதைத் திருப்பறதுக்குத் தனி கன்ட்ரோல். உங்க இ.சி.யு.வுக்கு (இன்ஜினை நடத்தற கம்ப்யூட்டர்) அப்படி ஒரு சாமான் இருக்கறதே தெரியாது. இழுவைக்குப் பதிலா பொகைதான் எச்சா வரும். பிளாக்கும் ஹெட்டும் ஒண்ணா இருக்கலாம்; மவுன்ட், சம்ப், வயரிங், இ.சி.யு. கம்பெனிக்குக் கம்பெனி வேற. இ.சி.யு. மாத்தினா சாவியோட இம்மொபிலைசரும் (திருட்டைத் தடுக்கற எலக்ட்ரானிக் பூட்டு) ஒத்துக்காது, வண்டி அசையாது.

உங்க டர்போ நல்லா இருந்தா கையே வைக்காதீங்க. கெட்டுப்போனவங்க வாங்கறப்ப: நடுவுல இருக்கற தண்டைப் பிடிச்சு மேல கீழ ஆட்டினா துளி அசைவு இருக்கலாம், முன்ன பின்ன இழுத்தா அசையவே கூடாது. இறக்கை நுனி ஒண்ணு மொக்கையா இருந்தாலும் வெச்சுட்டு வந்துருங்க.

பட்டறை மாமா
ஆல்டர்னேட்டர்: உங்க பழசைக் கழட்டிக் கையோட கொண்டுபோங்க. போட்டோவெல்லாம் பத்தாது. ஸ்டிக்கர்ல இருக்கற பார்ட் நம்பர், ஆம்பியர், கனெக்டர்ல எத்தனை பின்னு, புல்லியில எத்தனை பள்ளம், போல்ட்டு காது எந்தப் பக்கம் பாக்குது, இதெல்லாம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் தெரியும். கையில சுத்துனா சரசரன்னு மணல் அரைக்கற சத்தம் வரக்கூடாது. பக்கத்துலயே ஆட்டோ எலக்ட்ரீசியன் கடை இருக்கும், பெஞ்சுல போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, டெஸ்ட் கூலி நீங்க கொடுத்துருங்க. வண்டியில மாட்டினப்புறம் பேட்டரி முனையில மீட்டர் வெச்சா 13.8ல இருந்து 14.5க்குள்ள நிக்கணும். ஹெட்லைட், ஏசி, பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டுவிட்டும் 13.5க்குக் கீழ எறங்கினா திருப்பிக் கொடுத்துருங்க.

திருப்பறதுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. "மாட்டிப் பாத்து சரியில்லைன்னா எத்தனை நாள்?"னு பில்லுலயே எழுதச் சொல்லுங்க. எலக்ட்ரிக்கல் சாமானுக்குக் கேரண்டி கெடையாதுன்னு பல கடையில சொல்லுவாங்க. மூணு நாள் டைம் கொடுக்கறவரா தேடிப் புடிங்க. அவரு சாமானத்துல பெயின்ட் பொட்டு வெப்பாரு, இல்லை பஞ்ச் அடிப்பாரு. அது அவருக்குப் பாதுகாப்பு, தப்பா நெனைக்காதீங்க. அந்த அடையாளத்தை அழிச்சுட்டு எடுத்துட்டுப் போனா அவரு மூஞ்சி மாறும், நியாயம்தான்.

மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா கூலி பேசிக் கூட்டிட்டுப் போங்க. கூலி இல்லாம வர்றவருக்குக் கடையில இருந்து வரும்.

நொய்யல்
இதை மொதல்லயே சொல்லியிருந்தா என்ர சான்ட்ரோ காசுல பாதி மிச்சம் மாமா.

அவிநாசிக்காரன்
போயிட்டு வந்தாச்சுங்க. உக்கடம் மேம்பாலத்துக்குக் கீழ வண்டி நிறுத்த எடம் தேடறதுதான் பெரிய வேலையா இருந்துச்சு.

மொதல் கடையில எந்த வண்டியில கழட்டினதுன்னு கேட்டேன். "அதெல்லாம் எதுக்குங்ணா"ன்னார். மாமா வாக்கு அப்படியே! அடுத்த சந்துல ஒரு பெரியவர், பின்பக்கம் நசுங்கின வெள்ளை டிசையர் பாடியைக் காட்டினார். முன் பாதி அப்படியே இருக்குது. உள் அட்டையைக் கழட்டச் சொன்னேன், சலிச்சுக்காம ஸ்குரூடிரைவரை எங்கிட்டயே கொடுத்துட்டார். காந்தம் நல்லா கவ்வுச்சு. டிசையர் முன் கதவு ஸ்விஃப்டுக்கு உக்காருமான்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு, கீல் ஓட்டைக்கு ஓட்டை என்ர கதவோட வெச்சு அளந்துதான் எடுத்தோம். வண்டி நம்பர் எழுதி பில் கொடுத்தார். எம்-பரிவாகன்ல போட்டா டிசையர்னே வந்துச்சு.

ஆல்டர்னேட்டர் அவர்கிட்டயே. பெஞ்சுல ஓட்டிப் பாத்தோம், இப்ப வண்டியில 14.2 காட்டுது. ஹெட்லைட்டுல ஒரு காது ஒடைஞ்சிருந்துச்சு, அது வேண்டாம்னு டூப்ளிகேட் புதுசா எடுத்துட்டேன். ஏர்பேக், பெல்ட், பெட்டி மூணும் கம்பெனியில ஆர்டர். அதுக்குப் பணம் சேர வரைக்கும் வண்டி ஷெட்டுல நிக்கட்டும், நான் பைக்குலயே மில்லுக்குப் போயிக்கறேன்.

மஞ்சக்காட்டான்
டூப்ளிகேட் ஹெட்லைட்டுன்னா ஃபோகஸ் சரி பண்ணாம ராத்திரி ஓட்டாதீங்க, எதுக்க வர்றவன் கண்ணு போயிரும். அப்புறம் ஃபெண்டர் என்னாச்சு, அந்த டிசையர்லயே எடுத்தீங்களா?

அவிநாசிக்காரன்
எடுத்தேனுங்க. கதவும் ஃபெண்டரும் ஒரே வெள்ளை, என்ர வண்டி வேற வெள்ளை. டிங்கரிங்காரர் பெயின்ட் அடிக்காம விடமாட்டேங்கறார்.

கருப்பட்டி காபி
அந்தப் பெரியவர்கிட்ட ரிட்ஸ் இடது சைடு கண்ணாடி இருந்துச்சுங்களா? செகண்ட்ஸ் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கலை, எங்க பழைய ரிட்ஸையே ஓட்டிக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம்.

அவிநாசிக்காரன்
ரிட்ஸ் ரெண்டு கெடந்துச்சு அம்மிணி. கண்ணாடி மடக்கற மோட்டாரோட வேணுமா, சாதாவா? கேட்டுச் சொல்றேன்.